தொட்டி எப்பிடி?

பெப்ரவரி 2, ஞாயிறு

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், என் அறையில் இருக்கும் யானினுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் மலையில் ஸ்கீ பழக, என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருத்தி எழுதப் படிக்கவைத்த அம்மாவுக்கு இன்றைக்குத்தான் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன். இங்கே எல்லோரும் பேசுவது சுவிஸ் ஜெர்மன். எனக்கு எழுத வருவது வீட்டுத் தமிழ். ஆகவே இதில் வரும் வெள்ளைக்காரர் அத்தனை பேரும் யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கதைப்பார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை.

மத்தியானம் போட்டிக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். பனிச்சறுக்கு உலகச் சாம்பியன்ஷிப் இந்த முறை எங்கள் நாட்டில். ரயில் நிலையத்திலிருந்து ஹோட்டல் வரை விளக்குக் கம்பங்களில் எங்கள் அணிப் பெண்களின் முகங்கள் தொங்குகின்றன. மூன்று முகங்கள். மலையுச்சியிலிருந்து நேரே கீழே பாயும் டவுன்ஹில் ஓட்டத்தில் ஒரு நாட்டுக்கு நாலு இடம், நாங்கள் ஐந்து பேர். கம்பத்தில் தொங்குகிறவர்களுக்கு இடம் நிச்சயம். நாலாவது இடம் எனக்கா யானினுக்கா என்பதைப் பயிற்சி ஓட்டங்களைப் பார்த்துத் தீர்மானிப்பார்களாம். அதற்குள் எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டிருக்கிறார் பயிற்சியாளர் ரோலி. சண்டைச் சேவல்களை ஒரே கூட்டில் அடைக்கக் கூடாது என்று அந்த மனுசனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

யானின் என் சிநேகிதி. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவின் மட்டன் ரோல்ஸுக்காக இரண்டு ரயில் மாறி எங்கள் வீட்டுக்கு வருவாள், கையால் சோறு பிசைந்து சாப்பிடுவாள், அம்மாவுக்கு அவள் என்றால் உயிர். இடது முழங்கால் மூன்று தரம் வெட்டித் தைத்தது. இது அவள் திரும்பி வந்திருக்கும் வருடம். குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் போகும் துளை முழுக்க அவளுடைய தலைமயிர். நான்தான் எடுத்துப் போடுகிறேன்.

பெப்ரவரி 3, திங்கள்

முதல் பயிற்சி. பாதையில் எல்லோரும் பயப்படுவது தொட்டிக்குத்தான். சரிவின் நடுவில் ஒரு பெரிய பாய்ச்சல் அது. கோடையில் அந்த இடத்தில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். விளிம்பில் நிலம் காலடியிலிருந்து போய்விடும். பறந்துபோய்ச் செங்குத்துச் சரிவில் இறங்கினால் ஒன்றும் தெரியாது, வெண்ணெய். அளவுக்கு மிஞ்சிப் பறந்து, சரிவைத் தாண்டித் தட்டை நிலத்தில் விழுந்தால் முழங்கால் வாய்க்கு வரும். இன்றைக்குப் புதுப் பனி, மென்மை. எல்லோரும் சரிவிலேயே இறங்கினோம்.

கீழே வந்ததும் வாக்கிடாக்கியை எடுத்து, மேலே நிற்கும் அணிக்காரிக்குப் பாதை எப்படி என்று சொல்ல வேண்டும். எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும், தொட்டி எவ்வளவு தூக்கும். அவள் உனக்குப் போட்டியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இதில் ஒருவரும் பொய் சொல்வதில்லை. அப்படி ஒரு சட்டமும் கிடையாது, ஆனால் பல் துலக்கச் சட்டமா இருக்கிறது? நான் யானினுக்கு எல்லாம் சரியாகச் சொன்னேன். அப்படியும் நான்தான் வேகம்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து, தன் சொக்கலேட்டில் பாதி முறித்துத் தந்தாள். அவள் முந்தியிருந்தால் நான் தந்திருப்பேனா என்று யோசித்தேன். தந்திருப்பேன். சின்னப் பாதி.

பெப்ரவரி 4, செவ்வாய்

இன்றைக்கு அவள் வேகம். தொட்டி விளிம்பில் நான் கொஞ்சம் எழும்பிவிட்டேன். குனிந்தே போனால் வேகம், எழும்பி நின்றால் காற்று மறித்துவிடும், அவ்வளவுதான் விஷயம். கொஞ்சம்தான் எழும்பினேன், ஒரு கொட்டாவி விடும் நேரம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்பா சனிக்கிழமைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்துவிட்டாராம். பெரிய திரை, ஊர்ச் சங்கம் முழுக்க வருகிறது, அம்மா இப்போதே ரோல்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டார். இடம் இன்னும் கிடைக்கவில்லை என்று போனில் தொண்டை கிழியச் சொன்னேன்.

"கிடைக்கும் பிள்ளை. அம்மனுக்கு நேர்ந்திருக்கிறன்" என்றார் அம்மா.

பெப்ரவரி 5, புதன்

மூடுபனி. பயிற்சி இல்லை. காலுறை துவைத்தேன். யானின் முழங்காலில் ஐஸ் பையை வைத்தபடி தூங்கிப்போனாள். பை ஒழுகிக் கட்டில் நனைந்தது. நான் எழுப்பவில்லை, நல்ல நித்திரை.

பெப்ரவரி 6, வியாழன்

ரோலி என்னைச் சாப்பாட்டு அறையில், தட்டில் பாதி நூடில்ஸ் இருக்கும்போது கூப்பிட்டார். இடம் யானினுக்கு.

நான் முதல் நாள் வேகம், அவள் இரண்டாம் நாள் வேகம், அப்படியென்றால் கணக்குச் சமம்தானே என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"தொட்டியில நீ யோசிக்கிறாய், சம்பி. அவள் யோசிக்கிறேல்லை. நேராப் போவாள்."

ஆக, கொட்டாவியைக் கவனித்திருக்கிறார்கள்.

பிறகு ஆறுதல் பரிசு தந்தார். நான் முன்னோட்டக்காரி. அதாவது போட்டி தொடங்க முன் மூன்று பேர் பாதையில் ஓடிப் பார்ப்பார்கள், பாதை பாதுகாப்பா என்று நடுவர்களுக்குச் சொல்வார்கள். நேரம் எடுப்பதில்லை, தொலைக்காட்சியில் காட்டுவதில்லை, பெயர் எங்கும் வராது. கோயில் திருவிழாவில் சாமி வர முன் தெருவுக்குத் தண்ணி தெளிக்கிற வேலை. மற்ற இரண்டு பேர் உள்ளூர்க் கழகத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அறைக்கு வந்தால் யானின் அழுதுகொண்டிருக்கிறாள், எனக்காக. இடம் கிடைத்தவள் அழுகிறாள், கிடைக்காதவள் முதுகைத் தடவ வேண்டும். தடவினேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

ஓட்ட வரிசைக் குலுக்கலில் யானினுக்கு இரண்டாம் எண்.

அம்மா மூன்று தரம் போன் எடுத்தார், மூன்றாம் தரம் பேசினேன். எத்தனையாம் ஆளாக வருவாய், திரையில் எப்போது பார்ப்பது என்று கேட்டார். பின்னால் அப்பாவின் குரல், அதற்கும் பின்னால் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம்.

"எல்லாருக்கும் முதல் நான்தான் இறங்குறன், அம்மா" என்றேன்.

அது பொய் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அம்மா அப்பாவிடம் கத்திச் சொன்னார், அப்பா யாருக்கோ கத்திச் சொன்னார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பெப்ரவரி 8, சனி

இரவு உறைந்துவிட்டது. காலையில் பாதையைப் பார்வையிடப் போனபோது பனி முழுக்கக் கண்ணாடி, பயிற்சியைவிட வேகமாக இழுக்கும். புதுப் பனி இருந்த இடமே தெரியவில்லை. ரோலி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தொட்டிக்கு முன் எழும்பி நின்று மெதுவாகப் போ என்றார். செவ்வாய்க்கிழமை நடக்கும் அடுத்த போட்டியான சூப்பர் ஜி ஓட்டத்துக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தால் நான்தான் மாற்று, காலை முறித்துப் போடாதே என்றார். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அதே உத்தரவு.

நான் எழும்பி நிற்கவில்லை. இங்கே எழுதலாம், இது தமிழ். தொட்டியில் நான் யோசிப்பதில்லை என்று அந்த மனுசனுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். முன்னோட்டக்காரியை ஒருவரும் படம்கூடப் பிடிப்பதில்லை என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. ரோலி அப்போது எங்கே நின்றார் தெரியுமா? மேலே, யானினின் தோளைப் பிடித்து விட்டுக்கொண்டு.

விளிம்பில் குனிந்தபடியே போனேன். பறந்தேன். பறந்துகொண்டே இருந்தேன். சரிவு எனக்குக் கீழே வந்து, முடிந்து, பின்னால் போனதைப் பார்த்தேன். தட்டையில்தான் விழுந்தேன். முழங்கால் நெஞ்சில் இடித்தது, நாக்கைக் கடித்தேன், ஒரு கையைப் பனியில் ஊன்றி எப்படியோ விழாமல் நின்றேன். இந்த வருடத்தில் நான் இறங்கிய நல்ல ஓட்டம் அது. பார்த்தவர் யாரும் இல்லை.

கீழே நடுவர் ஒருவர் எங்கள் மூவரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார், தொட்டி எப்பிடி என்று. பிள்ளைகள் இரண்டும் நல்லம் என்றன. எழும்பி நின்று போனால் நல்லம்தானே. நானும் நல்லம் என்றேன். வாயில் ரத்தம் இருந்தது, விழுங்கினேன். வேறு என்ன சொல்ல? தட்டைக்குப் பறந்தேன் என்றால், ஏன் எழும்பவில்லை என்று கேள்வி வரும், செவ்வாய்க்கிழமை மாற்று இடமும் போய்விடும். அதோடு எனக்கு அப்படித் தூக்கினால் எல்லோருக்கும் தூக்கும் என்று என்ன நிச்சயம்? என் தொழில்நுட்பம் வேறு.

அணியின் வாக்கிடாக்கியை யாரோ கையில் தந்தார்கள். மேலேயிருந்து யானின்.

"சம்பி, தொட்டி எப்பிடி?"

பயிற்சி மாதிரித்தான் என்றேன். நன்றியடி என்றாள்.

ஒரு கப் தேநீர் வாங்கிக் குடித்தேன். நாக்கு எரிந்தது. ஒன்றாம் எண்காரி தொட்டிக்கு மேலேயே ஒரு வளைவில் வழுக்கிப் பாதையை விட்டு வெளியே போய்விட்டாள். ஆகவே போட்டியில் குனிந்தபடி தொட்டிக்கு வந்த முதல் ஆள் யானின்தான்.

நேராகப் போனாள். ரோலி சொன்னது சரி, அவள் யோசிக்கிறவள் இல்லை. பெரிய திரையில் பார்த்தேன். சரிவு அவளுக்குக் கீழே முடிந்தபோது அவளுடைய கைகள் இரண்டும் சுழன்றன, எதையாவது பிடிக்கலாம் என்பது போல. அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை. சனத்தின் சத்தம் நின்றுபோனது. ஹெலிகொப்டர் வரும்வரைக்கும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள்.

ஓட்டத்தை நிறுத்தி, ஆட்கள் மண்வெட்டியோடு போய்த் தொட்டி விளிம்பைச் சீவித் தாழ்த்தினார்கள். பிறகு ஓட்டம் நடந்தது. கம்பத்து முகங்களில் ஒன்றுக்கு வெண்கலம். வாணவேடிக்கை விட்டார்கள்.

அம்மாவோடு பேசினேன். நான் முதல் ஆளாக வருவேன் என்று மண்டபத்தில் சொல்லி வைத்திருந்தார்களாம், யாரோ இத்தாலிக்காரி வந்தாளாம், எல்லோரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்களாம். அடுத்து எங்கள் அணி உடுப்போடு ஒருத்தி.

"பேர் வாசிக்கிறதுக்கு முதலே அவள் விழுந்திட்டாள், பிள்ளை. அப்பா கதிரையால சரிஞ்சிட்டார். நீயெண்டுதான் நினைச்சம். பேந்து பேர் வந்திது, நீயில்லை எண்டு தெரிஞ்ச உடனை சனம் எல்லாம் எழும்பிக் கை தட்டினது."

அதன்பிறகுதான் அம்மாவுக்கு அது யார் என்று உறைத்திருக்கிறது. போனிலேயே ஒப்பாரி வைத்தார். என்ர யானின் குஞ்சு, கையால சோறு திண்ட பிள்ளை என்று. நான் ஓடாததைப் பற்றி இப்போதைக்குக் கேட்கவில்லை. ரோல்ஸ் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் ரோலி அறைக்கு வந்து யானினின் கட்டிலில் உட்கார்ந்தார். முகம் சவரம் செய்யவில்லை. நடுவர்களுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"நல்லம் எண்டு சொன்னனான். நீங்கள் சொன்ன மாதிரி எழும்பி நிண்டுதானே போனனான்? எழும்பி நிண்டா ஒண்டும் தெரியாது."

நிலத்தைப் பார்த்தபடியே, "அப்ப பிழை என்ர. மூண்டு பேரையும் எழும்பி நிக்கச் சொன்னது நான்தான்" என்றார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரி. இடது முழங்கால் மறுபடியும், அதோடு கீழ்க்கால் எலும்பும். நடக்கலாமாம். ஸ்கீயைப் பற்றி டாக்டர் பேசவேயில்லையாம், அதிலிருந்தே தெரிந்துவிட்டது என்றாள் யானின். முகம் வெள்ளைச் சீலை மாதிரி இருந்தது. சிரித்தாள். இப்படிப்பட்டவர்கள் சிரிக்காமல் இருந்தால் எவ்வளவு உதவி.

"தொட்டியில பிழையில்லை, சம்பி. நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டன். நீ பயிற்சி மாதிரித்தான், நேராப் போ எண்டெல்லே சொன்னனி?"

நேராப் போ என்று சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. வாக்கிடாக்கியில் பேசும்போது வாய்க்கு வருவதைச் சொல்வதுதானே.

பிறகு தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள். நான் குனிந்தபோது, "நீ வெளிக்கிட்டதை மேல நிண்டு பாத்தனான். எழும்பி நிக்கப் போறவள் அப்பிடித் தள்ளிக்கொண்டு போகமாட்டாள். எனக்குச் சந்தோசமா இருந்தது" என்றாள்.

"பிறகுதான் எழும்பினனான்" என்றேன்.

"ஓம்" என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சூப்பர் ஜி ஓட்டத்தில் அவளுக்கும் இடம் இருந்தது. அதை எனக்குக் கொடுக்கச் சொல்லி ரோலியிடம் அவளே கேட்டாளாம்.

பெப்ரவரி 10, திங்கள்

இடம் எனக்கு. என் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சொன்னேன். மூக்கைச் சீறிவிட்டு, "பழம் நழுவிப் பாலில விழுந்த மாதிரி" என்றார். வாய் தவறித்தான் வந்திருக்க வேண்டும், விழுந்தது யார் என்று அவருக்குத் தெரியாதா? அம்மனுக்கு அபிஷேகம் செய்விக்கப் போகிறாராம். அப்பா மண்டபத்தை மறுபடி எடுத்துவிட்டார்.

அறை முழுக்க எனக்கு. யானினின் கட்டில் விரிப்பை மாற்றிவிட்டார்கள். நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

சூப்பர் ஜி ஓட்டத்துக்குப் பயிற்சி கிடையாது. காலையில் பாதையைப் பார்வையிட விடுவார்கள், பிறகு நேரே போட்டி. ஆகவே கீழே போனவள் சொல்வதுதான் வேதம். அதே சரிவு, அதே தொட்டி, சீவித் தாழ்த்திய தொட்டி. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம்.

முன்னோட்டக்காரி சொன்னதாக ரோலி வந்து சொன்னார், தொட்டி நல்லம், நேராகப் போகலாமாம். எங்கள் அணியில் எனக்கு முன் போன மூவரும் கீழேயிருந்து வாக்கிடாக்கியில் அதையே சொன்னார்கள். நல்லம், சம்பி. ஒண்டுமில்லை, நேராப் போ. ஒவ்வொருத்தியும் சொல்லும்போது அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். இவளுக்கு நான் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? இவள் வாயில் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? வெண்கலக்காரியை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். மறுபடி கேட்டேன். ரோலி என் கையிலிருந்து வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டார்.

மேலே நன்றாகத்தான் போனேன். முதல் நேரக் கணிப்பில் ஆறாம் இடம். மண்டபத்தில் சனம் கதிரையில் ஏறி நின்றதாம், அப்பா வேட்டி அவிழ்வதும் தெரியாமல் துள்ளினாராம். பிறகு தொட்டி வந்தது.

எழும்பி நின்றேன். கொட்டாவி அளவு இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிமிர்ந்து, கையை விரித்து, உலகம் முழுக்கப் பார்க்க நின்றேன். விளிம்பில் பொத்தென்று விழுந்து, சரிவில் இறங்கினேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. அவர்கள் எல்லோரும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்திரண்டாம் இடம். எனக்குப் பின்னால் லெபனான்காரியும் சிலிக்காரியும். வெளிச்சம் சரியில்லை, நிலத்தின் மேடுபள்ளம் தெரியவில்லை என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னேன். ஒருத்தர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

ரோலி என் ஸ்கீகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார், மற்றவர்களோடு போய்விட்டார். அம்மா, ஆனைக்கும் அடி சறுக்கும் பிள்ளை என்றார். பின்னால் கதிரை அடுக்குகிற சத்தம் கேட்டது.

பெப்ரவரி 12, புதன்

மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். யானினின் உடுப்புகளையும் நான்தான் மடித்தேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாம். குளியலறைத் துளையில் இன்னும் அவளுடைய தலைமயிர். எடுத்துப் போட்டேன். அவளுடைய பெட்டிக்குள் மற்றப் பாதி சொக்கலேட் இருந்தது. அதை அப்படியே வைத்து மூடினேன்.

பெட்டியை இழுக்கும்போது அவளிடமிருந்து குரற்செய்தி வந்தது. நடையில் நின்று மூன்று தரம் கேட்டேன். கோபம் இல்லை, அழுகையும் இல்லை, சாதாரணமாகக் கேட்கிறாள்.

"சம்பி, டீவியில பாத்தனான். தொட்டியில ஏன் எழும்பி நிண்டனி? முன்னுக்குப் போனவை நல்லம் எண்டு சொன்னவையெல்லோ?"

வெளிச்சம் சரியில்லை என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி அதையே எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. ஓம் என்று மட்டும்.